இறங்காதவர்கள்

சோகார் துறைமுகச் சாலை, நான்காம் எண் முகாம்.
வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
மெஸ்ஸில் குப்பூஸ் தீர்வதற்குள்
பதினோரு கைகளில் பட்டை கட்டியாக வேண்டும்.

அரை மணிக்கொரு தடவை இறுகும் அண்ணே,
இறுகும்போது கையை ஆட்டாதீங்க.
அந்த நேரம் என்ன செய்தீங்களோ
இந்த நோட்டில் எழுதுங்க.
பொய் எழுதினாலும் பரவாயில்லை,
இரத்தம் அதுபாட்டுக்கு வேறு எழுதும்.

முடியப்பன் நோட்டைத் தொடவில்லை.
ஒப்புதல் தாளில் விரல் வைத்து,
"ரிசல்ட்டு கம்பெனிக்குப் போகுமா சிஸ்டர்?"
போகாது.
"போகாதுன்னு இதுல இருக்கா?"
இருக்கு, மூணாவது பத்தி.
"கம்பெனி அந்தப் பத்தியைப் படிச்சிருக்கா?"

நூற்று அறுபத்தெட்டு.
பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னேன்.
நூற்று எழுபத்திரண்டு.

டவர் கிரேன் ஓட்டுகிறார்.
விடியும் முன் ஏறினால் மாலையில்தான் தரை.
மதியச் சோறு வாளியில் மேலே போகும்.
தண்ணீருக்கு ஒரு பாட்டில்,
மற்றதற்கு இன்னொன்று.

டாக்டர் சுலைகா அல் பலூஷி தேடுவது ஒரு பள்ளம்.
தூங்கும் மனிதனின் அழுத்தம்
பத்தில் ஒரு பங்காவது இறங்க வேண்டுமாம்.
இரவிலும் இறங்காதவர்களுக்கு
குழாய்ச் சுவர்கள் சத்தமில்லாமல் தடிக்கின்றன.
எண்பத்து நான்கு பேரில்
ஐம்பத்தொருவர் இறங்காதவர்கள்.

பங்கேற்பாளர் 37, நோட்டு:
10.30. வீட்டுக்குப் பேசுகிறேன்.
11.00. பேசி முடித்தேன்.
11.30. பேசியதையே நினைத்துக்கொண்டு.
2.00. பட்டை இறுகி முழிப்பு வந்தது.
முழிப்பு வந்ததால் காலேஜ் ஃபீஸ் ஞாபகம் வந்தது.
இதை எல்லாம் எழுதலாமா?

அளப்பதற்காகத்தான் எழுப்புகிறோம்.
எழுப்பியதைத்தான் அளக்கிறோமோ என்று
ஒருநாள் கேட்டேன்.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம்.

பங்கேற்பாளர் 61, முடியப்பன்.
வந்ததிலேயே அழகான கோடு.
தரையில் நூற்று அறுபத்தெட்டாக இருந்தவர்
எண்பது மீட்டர் உயரத்தில் நூற்று முப்பத்து நான்கு.
இரவில் அதிலிருந்தும் பதினெட்டு சதவீதம் சரிவு,
மணல்மேடு கடலுக்கு இறங்குவதுபோல்.
மாஷா அல்லாஹ் என்று சிவப்பில் வட்டமிட்டார் டாக்டர்.
உயரமும் தனிமையும் இதயத்துக்கு ஆகுமோ?
கருதுகோள் என்று தலைப்பிட்டு
அரைப் பக்கம் எழுதியும் விட்டோம்.

நல்ல சேதி சொல்லத்தான் போனேன்.
"ராத்திரியா? அது நான் இல்லையே சிஸ்டர்.
சனியன் அரை மணிக்கொரு தரம் எழுப்புது.
தூங்காம ஏறினா மேலே கால் நடுங்கும்.
ஒன்பது மணிக்கே அவுத்து
மேல் கட்டில் ஒடியாப் பையனுக்குக் கட்டிட்டேன்.
இடி விழுந்தாலும் எழ மாட்டான்."

பையன் வந்து ஏழு வாரம்.
வட்டிக்காரன் இன்னும் அவனுடைய
இங்கத்து நம்பரைக் கண்டுபிடிக்கவில்லை.

வரிசை 61: விலக்கப்பட்டது.
காரணம்: கருவி கை மாறியது.
ஆய்வில் சேராத ஒருவனின் தூக்கத்தை
வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி இல்லை.
அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்தேன்.
118, 112, 109, 107, 107, 108.
யாரோ கட்டிலைத் தட்டிய நான்கு மணிக்கு 131.

பகல் எண்கள் முடியப்பனுடையவைதான்.
அவற்றுக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

மறுபடி கட்டிப் பார்க்கலாமா என்றேன்.
சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.
"பகலுக்கு மட்டும் கட்டுங்க."